டைட்டானிக்கில் சென்ற ஒருவரைத் தேடுவது எப்படி? காசும் வாரங்களும் வீணாகாமல் இருக்க ஒரு வழிகாட்டி

என் மகள் படிப்பது சவுத்தாம்ப்டனில். டைட்டானிக் கடைசியாகக் கயிறு அவிழ்த்துப் புறப்பட்ட ஊர் இது. அதனால் பள்ளியில் ஒரு வழக்கம்: பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் அந்தக் கப்பலில் இருந்த ஒருவரின் பெயர் இருக்கும். அவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன ஆனார் என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். மகளுக்கு வந்த பெயர் ஜான் லா ஹ்யூம். வயலின் கலைஞர், 21 வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். பதினோரு வாரம் பிடித்தது. தேவையில்லாத ஒரு சந்தா, தேவையில்லாத ஒரு லண்டன் பயணம், இலவசமாகக் கிடைக்கும் ஒரு தாளுக்குக் கொடுத்த கட்டணம் என்று சில்லறையாகக் காசும் போயிற்று. கப்பலின் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் அறிவார்கள். ஒரே ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. கப்பலில் அவர் யாராக ஏறினார்?

நான் செய்த முதல் தவறும் பெரிய தவறும் இங்கேதான். வயலின் வாசித்தவர் கப்பலில் வேலை பார்த்தவர்தானே என்று பணியாளர் பட்டியலில் மூன்று வாரம் தேடினேன். அவர் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. டைட்டானிக்கில் இருந்த எட்டு இசைக்கலைஞர்களும் இரண்டாம் வகுப்புப் பயணிகளாக ஏற்றப்பட்டவர்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், எண் 250654. அவர்களை வேலைக்கு வைத்தது லிவர்பூலில் இருந்த ஒரு முகவர் நிறுவனம். கப்பல் நிறுவனமான ஒயிட் ஸ்டார் லைன் அல்ல.

இது வெறும் காகிதச் சிக்கலாக முடியவில்லை. கப்பல் மூழ்கிய பின் இழப்பீடு கேட்ட குடும்பங்களிடம் ஒயிட் ஸ்டார், ‘அவர்கள் பயணிகள்’ என்றது. முகவரோ ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்’ என்றார். இரண்டுங்கெட்டான் நிலையில் குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன. போதாக்குறைக்கு, ஹ்யூமின் தந்தைக்கு மகனின் சீருடைப் பாக்கி 14 ஷில்லிங் 7 பென்ஸைக் கட்டச் சொல்லிக் கடிதம் வேறு போனது.

ஆகவே தேடல் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்யும் முன்பு, உங்கள் ஆள் எந்தக் கணக்கில் ஏறினார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குழப்பம் தரும் குழுக்கள் இவை:

இசைக்கலைஞர்கள்: பயணிகள் பட்டியலில் தேடுங்கள்.

கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்திலிருந்து வந்த ஒன்பது பேர்: வடிவமைப்பாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ் உட்பட எல்லோரும் பயணிகள் பட்டியலில்தான் இருக்கிறார்கள். கப்பலில் வேலை இருந்தது, ஆனால் பணியாளர்கள் அல்லர்.

தனி உணவகத்தின் ஊழியர்கள்: அவர்களுக்கு முதலாளி கட்டி என்ற இத்தாலியர். ஆனால் கையெழுத்திட்டது கப்பலின் பணியாளர் பட்டியலில்.

கம்பியில்லாத் தந்தி இயக்குநர்கள் ஜாக் பிலிப்ஸும் ஹரோல்ட் பிரைடும்: மார்க்கோனி நிறுவனத்தின் ஆட்கள். இவர்களையும் பணியாளர் பட்டியலில்தான் தேட வேண்டும்.

தபால் பிரித்த ஐந்து எழுத்தர்கள்: மூவர் அமெரிக்கத் தபால் துறை, இருவர் பிரிட்டிஷ் தபால் துறை. இவர்களுக்கு அந்தந்தத் துறையின் ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தாலே நான் தொலைத்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சம்.

2. இலவசமானவற்றை முதலில் முடியுங்கள்

வம்சாவளித் தளங்கள் ‘14 நாள் இலவசம்’ என்று அழைக்கும். கடன் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு, ரத்து செய்ய வேண்டிய நாளை மறந்துவிடுவோம். நான் மறந்தேன். அந்தத் தளத்தின் பெயர் இங்கே வேண்டாம், மறந்தது நான்தான். நீங்கள் சேரத்தான் வேண்டுமென்றால், சேர்ந்த கையோடு காலண்டரில் பதின்மூன்றாம் நாளைக் குறித்துவிடுங்கள்.

பெரும்பாலும் சேரவே தேவையிருக்காது. பிரிட்டனில் பல பொது நூலகங்களின் கணினிகளில் அன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் ஊர் நூலகத்தில் எது இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சில இடங்களில் கணினியை முன்பதிவு செய்ய வேண்டும்.

வீட்டிலிருந்தே காசில்லாமல் கிடைப்பவை: என்சைக்ளோபீடியா டைட்டானிகா தளத்தில் கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. டைட்டானிக் இன்கொயரி புராஜெக்ட் தளத்தில் விபத்தைப் பற்றி அமெரிக்காவும் பிரிட்டனும் நடத்திய விசாரணைகளின் வாக்குமூலங்களும் முழுமையாக இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்தில் நியூயார்க் வந்திறங்கியவர்களின் பட்டியலுக்கான பெயர் அட்டவணை இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டும், கட்டணம் இல்லை. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களின் படங்கள் இருக்கின்றன. அமெரிக்க நாளிதழ்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் குரோனிக்ளிங் அமெரிக்கா.

முதலில் சொன்ன தளத்தை வழிகாட்டிப் பலகை போலப் பயன்படுத்துங்கள். வயது, டிக்கெட் எண், உடல் எண் (கடலிலிருந்து எடுத்த ஒவ்வொரு உடலுக்கும் போட்ட எண்), அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூல ஆவணத்தில் போய்ச் சரிபாருங்கள். பள்ளி ஆசிரியர் கேட்டதும் அதைத்தான்: ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’

3. பெயரை நம்பாதீர்கள்

பட்டியலை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். லெபனான் பகுதியிலிருந்து வந்து பிரான்சின் செர்பூர்க் துறைமுகத்தில் ஏறியவர்கள், ஃபின்லாந்து, பல்கேரியாக்காரர்கள் ஆகியோரின் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். நம் ஊர்ப் பெயர்கள் வெளிநாட்டு அலுவலகங்களில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்பெயரையும் பின்பெயரையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். பெயரை விட்டுவிட்டு வயதையும் டிக்கெட் எண்ணையும் வைத்துத் தேடுங்கள். டிக்கெட் எண் பெயரைவிட நம்பகமானது. ஒன்றாகப் பயணித்தவர்களையும் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

வேண்டுமென்றே மாற்றப்பட்ட பெயர்கள் தனி ரகம். இரண்டாம் வகுப்பில் ‘ஹாஃப்மன்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு சிறு பையன்களோடு ஏறினார். உண்மைப் பெயர் மிஷேல் நவ்ராத்தில். மனைவியைப் பிரிந்து, பிள்ளைகளை அவளுக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்தவர். பையன்கள் பிழைத்தார்கள், தாய் செய்தித்தாள் வழியாக அவர்களைக் கண்டுபிடித்து நியூயார்க் வந்து அழைத்துப் போனார். தந்தை பிழைக்கவில்லை. ஹாஃப்மன் என்ற பெயரைப் பார்த்து யூதர் என்று நினைத்து, கத்தோலிக்கரான அவரை உடல்கள் கொண்டுபோகப்பட்ட கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் யூதர்களுக்கான பாரன் டி ஹிர்ஷ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

இன்னொரு பொறி, ஒரே பெயர். ஹாலிஃபாக்ஸில் 227 என்ற எண்ணின் மேல் ‘ஜே. டாசன்’ என்று பொறித்த கல்லறையில் ‘டைட்டானிக்’ திரைப்படத்தின் கதாநாயகன் ஜாக் டாசனை நினைத்துப் பூ வைக்கிறார்கள். அங்கே இருப்பவர் ஜோசஃப் டாசன். கொதிகலன் அறைக்கு நிலக்கரி தள்ளிக் கொடுத்த தொழிலாளி. படத்தில் வருபவர் கற்பனை மனிதர். வகுப்பில் ஒரு பிள்ளை இதை மாற்றி எழுதிவிட்டதாகக் கேள்வி.

4. இரண்டு பட்டியல்களிலும் என்ன கிடைக்கும்?

மூலத் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சவுத்தாம்ப்டனில் ஏறிய பயணிகளின் பட்டியலுக்குக் குறிப்பெண் பி.டி. 27/780பி (BT 27/780B). பணியாளர் ஒப்பந்தமும் பட்டியலும் பி.டி. 100/259, 260 (BT 100/259, BT 100/260). விசாரணை தொடர்பான கோப்புகள் பெரும்பாலும் எம்.டி. 9/920 (MT 9/920) என்ற வரிசையில். அட்டவணையில் தேடும்போது இந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இடைவெளியையும் சாய்கோட்டையும் விடாமல் போடுங்கள். நான் சாய்கோட்டை விட்டுவிட்டு, ஆவணமே இல்லை போலிருக்கிறது என்று ஒரு மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயணிகள் பட்டியல் கொஞ்சம் கஞ்சத்தனமானது. பெயர், வயது, தொழில், வகுப்பு, டிக்கெட் எண், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கிவிட்டு ஏறாதவர்களும் உண்டு என்பதால், பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து ‘கப்பலில் இருந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள்.

பணியாளர் பட்டியலோ கை நிறையத் தரும். பெயர், வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி, இதற்கு முன் வேலை பார்த்த கப்பல், பதவி, மாதச் சம்பளம், சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். கொதிகலனில் கரி அள்ளிப் போட்டவருக்கு மாதம் 6 பவுண்டு. அவருக்குக் கரி தள்ளிக் கொடுத்தவருக்கு 5 பவுண்டு 10 ஷில்லிங். பெரும்பாலோர் 1912 ஏப்ரல் 6 அன்று கையெழுத்திட்டார்கள். கப்பல் மூழ்கிய நிமிடத்தோடு சம்பளமும் நின்றது.

இரண்டு எச்சரிக்கைகள். முகவரியில் சவுத்தாம்ப்டன் தெரு இருந்தால் அவர் இந்த ஊர்க்காரர் என்று பொருள் இல்லை. மாலுமிகள் தங்கும் விடுதியின் முகவரியாகவும் இருக்கலாம். பிறந்த ஊர்க் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தது, கையெழுத்திட்ட எல்லோரும் கடைசிவரை கப்பலில் இருக்கவில்லை. ஜான் காஃபி என்ற கரித் தொழிலாளி அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நைசாக இறங்கி ஓடிவிட்டார். அவர் உயிர் பிழைத்த வழி அது. ஒரு பட்டியலோடு நிறுத்தினால் இப்படிப்பட்டவர்களை இறந்தவர்களாகக் கணக்கெழுதிவிடுவோம்.

5. கியூவுக்குப் போக வேண்டுமா? போவதானால் எப்படி?

முதலில், போக வேண்டுமா என்று யோசியுங்கள். டிஜிட்டல் பிரதி இருக்கும் ஆவணத்தின் மூலத்தைப் பொதுவாக வாசகர்களுக்குத் தரமாட்டார்கள். பயணிகள் பட்டியல்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் கியூவின் கணினியில் பார்க்க ரயிலுக்குக் காசு கொடுத்தவன் நான். எம்.டி. 9/920 கோப்புகளைப் போலத் தாளாகவே பார்க்க வேண்டியவை இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

வாசகர் அட்டை வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு அத்தாட்சிகள் கேட்பார்கள்: அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று. பாஸ்போர்ட் அடையாளத்துக்குப் போதும். அதையே முகவரிக்கும் காட்ட முடியாது. நான் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், மூல ஆவணங்கள் உள்ள வாசக அறைக்குள் நுழைய முடியாமல் திரும்பினேன். குற்றம் என்னுடையதுதான், பட்டியலை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, மின்கட்டண ரசீது போன்றவை செல்லும். ஆனால் எவ்வளவு சமீபத்தியதாக இருக்க வேண்டும், கணினியில் அச்சிட்டது செல்லுமா என்ற விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்புவதற்கு முந்தைய நாள் காப்பகத்தின் தளத்தில் பாருங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்கள், சொந்த ஊர் முகவரியைக் காட்டும் தாளை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். இங்கே வந்தபின் அதைத் தேடுவது பெரும்பாடு.

கிழமையைக் கவனியுங்கள். ஞாயிறும் திங்களும் வாசக அறைகள் மூடியிருக்கும். ஆவணங்களை முன்கூட்டியே இணையத்தில் கேட்டு வையுங்கள். காலையில் போனதும் உங்கள் பெட்டியில் காத்திருக்கும். கேட்கும்போது அட்டவணையில் அணுகல் நிபந்தனை என்ற வரியைப் படிக்க மறக்காதீர்கள். அரிய தாள்களைத் தனி அறையில் மேற்பார்வையாளர் முன்னிலையில்தான் பார்க்க விடுவார்கள். அதற்கு நேரம் ஒதுக்கி வாங்க வேண்டியிருக்கும்.

பேனா கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர்ப் பாட்டில், மிட்டாய், பை எல்லாம் வெளியே. கைபேசியால் படம் எடுக்கலாம், அதற்குக் காசில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கோப்பின் எண்ணையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து 200 படங்களை வைத்துக்கொண்டு எது எந்தக் கோப்பு என்று விழிப்பதைவிட அது மேல்.

ஊரிலேயே இருந்துகொண்டு நகல் வரவழைக்கலாம். அதற்கு முதலில் ‘பக்கச் சோதனை’ என்று ஒரு கட்டணம் வாங்குவார்கள். நீங்கள் கேட்டது கோப்பில் இல்லாவிட்டாலும் அந்தக் காசு திரும்ப வராது. அதனால் ‘இவரைப் பற்றி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கோப்பு எண், பெயர், தேதி மூன்றையும் துல்லியமாக எழுதுங்கள்.

சவுத்தாம்ப்டன் ரயில் நிலையத்திலிருந்து கியூ போகிறவர்கள் வாட்டர்லூ வரை போய்ச் சுற்ற வேண்டாம். கிளாப்ஹாம் ஜங்ஷனில் மாறி, ரிச்மண்ட் வழியாகக் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை.

6. பிழைத்தாரா, இறந்தாரா?

பிழைத்தவர் என்றால் அடுத்த ஆவணம் நியூயார்க்கில். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கார்பேத்தியா கப்பல் 1912 ஏப்ரல் 18 இரவு நியூயார்க் வந்தது. வந்திறங்கிய பயணிகளின் பட்டியலை அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் எழுதினார்கள். பயணிகள் ஏறிய கப்பலை விட்டுவிட்டு, கார்பேத்தியா என்ற பெயரில் தேடுங்கள். டைட்டானிக் என்று போட்டுத் தேடி ஏமாந்தவர்கள் பலர்.

பிழைத்த பணியாளர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். 1915ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் பணியாளர் பட்டியல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்பது அதில் தெரியலாம். 1918 முதல் 1921 வரை மாலுமிகளுக்கு எழுதப்பட்ட அட்டைகளில் புகைப்படமும் ஒட்டியிருக்கும். அதில் உங்கள் ஆளின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. முகம் கிடைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மனிதராகிவிடுகிறது.

இறந்தவர் என்றால் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாண ஆவணக் காப்பகம். உடல்களைத் தேடப் போன கப்பல்கள் நான்கு. மேக்கே-பென்னட் மட்டும் 306 உடல்களை எடுத்தது. அதில் 116ஐக் கடலிலேயே அடக்கம் செய்தது. எல்லாக் கப்பல்களும் எடுத்தவற்றில் ஹாலிஃபாக்ஸ் கொண்டுவரப்பட்டவை 209. அங்கேயே புதைக்கப்பட்டவை 150. ஃபேர்வியூ லான் கல்லறையில் 121, மவுண்ட் ஆலிவெட்டில் 19, பாரன் டி ஹிர்ஷில் 10.

ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், அதோடு ஒரு சிறு குறிப்பு: உத்தேச வயது, முடி, உடை, பையில் இருந்த பொருள்கள். ஹ்யூமின் எண் 193. வெளிர்நிறச் சுருள் முடி, பச்சை விளிம்பு வைத்த சீருடைக் கோட்டு, ஊதா நிறக் கழுத்துத் துணி. பையில் சிகரெட் பெட்டி, காலிப் பணப்பை, முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்ட பேனாக்கத்தி, பிறகு வயலின் கம்பிகளின் மேல் செருகி ஓசையைத் தணிக்கும் ஒரு சிறு துண்டு. மகள் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். உத்தேச வயது என்ற இடத்தில் 28 என்று இருக்கிறது. உண்மை வயது 21. வயது பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பை ஒதுக்கிவிடாதீர்கள். எழுதியவர்கள் கண்ணால் மதிப்பிட்டு எழுதினார்கள், அதுவும் கடல் நீரில் பல நாள் கிடந்த உடல்களை வைத்து.

அடையாளங்கள் பிற்காலத்தில் மாறியதும் உண்டு. நான்காம் எண் உடல் ஒரு சிறு குழந்தையுடையது. 2002இல் மரபணுச் சோதனையில் ஒரு பெயர் சொன்னார்கள். 2007இல் அதைத் திருத்தி, 19 மாதக் குழந்தை சிட்னி குட்வின் என்றார்கள். 2007க்கு முன் வெளியான புத்தகங்களில் பழைய பெயர்தான் இருக்கும்.

கல்லறைகளைப் பார்க்க ஹாலிஃபாக்ஸ் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பிரிட்டிஷ் விசாவில் கனடா போக முடியாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் முன்னதாக. கல்லறைக்குள் நுழைய டிக்கெட் இல்லை. ஆவணத்துக்காக மட்டும் என்றால் போகத் தேவையே இல்லை.

7. விசாரணை வாக்குமூலங்கள்

அமெரிக்க செனட் விசாரணை 1912 ஏப்ரல் 19 அன்று, கார்பேத்தியா வந்த மறுநாளே தொடங்கியது. பிரிட்டிஷ் விசாரணை மே 2 முதல் ஜூலை 3 வரை லார்டு மெர்சி தலைமையில் நடந்தது. பிரிட்டிஷ் விசாரணையில் ஒவ்வொரு கேள்விக்கும் எண் உண்டு, 25,000க்கு மேல் போகும். மேற்கோள் காட்டும்போது கேள்வி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆள் மூன்றாம் வகுப்புப் பயணி என்றால் பிரிட்டிஷ் விசாரணையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அங்கே சாட்சி சொன்ன பயணிகள் மூவரே: கப்பல் நிறுவனத் தலைவர் இஸ்மே, டஃப்-கார்டன் தம்பதியர். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒருவரைக்கூட அழைக்கவில்லை. அமெரிக்க விசாரணையில் டேனியல் பக்லி, ஓலாஸ் ஆபெல்செத், பெர்க் பிக்கார்ட் ஆகியோர் பேசியிருக்கிறார்கள்.

எண்களில் மோதிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க அறிக்கை 1,517 பேர் இறந்ததாகச் சொல்கிறது, பிரிட்டிஷ் அறிக்கை 1,490 என்கிறது. பிழைத்தவர்கள் 706 என்கிறது ஒன்று, 711 என்கிறது மற்றது. எந்த அறிக்கை என்று சொல்லி எண்ணைப் போடுங்கள். கப்பல் முழுதாக மூழ்கியது என்ற பிரிட்டிஷ் முடிவையும் அப்படியே எடுத்தெழுத வேண்டாம். 1985இல் சிதைவைக் கண்டபோது இரண்டு துண்டாகக் கிடந்தது.

ஏப்ரல் 15, 16 தேதியிட்ட நாளிதழ்களையும் அப்படித்தான் அணுக வேண்டும். ‘அனைவரும் காப்பாற்றப்பட்டனர்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட நியூயார்க் நாளிதழ் உண்டு. 20ஆம் தேதிக்குப் பிந்தைய இதழ்களிலிருந்து தொடங்குங்கள்.

8. வீட்டைத் தேடுதல்

நமக்கு ஒரு வசதி. கப்பல் மூழ்குவதற்கு ஓராண்டு முன்னால், 1911 ஏப்ரல் 2 அன்று, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாவற்றிலும் கணக்கெடுப்பு நடந்தது. உங்கள் ஆள் அன்றிரவு யார் வீட்டில் தங்கினார், அப்பா என்ன வேலை, எத்தனை தம்பி தங்கைகள் என்று தெரிந்துகொள்ளலாம். அயர்லாந்துத் தாள்கள் இலவசம். இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் கட்டணத் தளங்களில் இருப்பதால் நூலகத்துக்குப் போங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் என்றால் கதை வேறு. நான் ஹ்யூமை இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் தேடி, ‘இல்லை’ என்ற பதிலை ஐந்தாறு முறை வாங்கிய பிறகுதான் அவர் டம்ஃப்ரீஸ் ஊர்க்காரர் என்பது உறைத்தது. ஸ்காட்லாந்தின் 1911 தாள்களுக்கு ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்துக்குத்தான் போக வேண்டும். மாதச் சந்தா இல்லை. முன்பணமாகப் புள்ளிகள் வாங்கி, பார்க்கும் ஒவ்வொரு தாளுக்கும் கழிப்பார்கள். தேடல் முடிவில் வயதும் ஊரும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தாளைத் திறவுங்கள். அவசரத்தில் திறந்தால் வேறொரு ஜான் ஹ்யூமின் குடும்பத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். நான் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகள்.

இறந்தவர் சொத்து விட்டுப் போயிருந்தால், இங்கிலாந்து, வேல்ஸுக்கான உயில் பதிவேட்டின் ஆண்டு அட்டவணையை அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர், முகவரி, ‘கடலில் இறந்தார்’ என்ற வரி, சொத்தின் மதிப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். உயிலின் நகலுக்குத்தான் கட்டணம். அட்டவணையைப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே வேண்டுமென்றால் மட்டும் நகல் கேளுங்கள்.

9. நியூயார்க் இழப்பீட்டு வழக்கு

பலரும் எட்டிப் பார்க்காத இடம் இது. பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டுப் போட்ட மனுக்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மனுவில் தொலைந்த பொருள்களை ஒவ்வொன்றாக எழுதி விலை போட்டிருக்கிறார்கள். முதல் வகுப்பில் சென்ற ஷார்லட் கார்டெசா கேட்டது 1,77,352 டாலர் 75 சென்ட், கையுறைகளைக்கூட விடவில்லை. இரண்டாம் வகுப்பில் சென்ற எட்வினா ட்ரௌட் கேட்ட பொருள்களில் ஒன்று மார்மலேட் செய்யும் கருவி, 8 ஷில்லிங் 5 பென்ஸ்.

தேடும்போது டைட்டானிக் என்று மட்டும் போடாமல், ஒயிட் ஸ்டாரின் சட்டப்பூர்வப் பெயரான ஓஷியானிக் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்றும் போடுங்கள். வழக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

10. செலவும் காலமும்

எனக்கு மொத்தம் 140 பவுண்டு அளவில் ஆயிற்று. இன்று செய்தால் ஸ்காட்லாந்துத் தாள்களுக்கான சில பவுண்டுகளோடு முடித்துவிடுவேன். காலத்தைப் பொறுத்தவரை முதல் மூன்று படிகளுக்கு ஒரு வார இறுதி. நூலகத்தில் பட்டியல்களும் கணக்கெடுப்பும் பார்க்க இரண்டு மாலைகள். ஹாலிஃபாக்ஸ் குறிப்பும் வாக்குமூலமும் வீட்டிலிருந்தே ஒரு மாலை. கியூ அல்லது தபால் நகல் சேர்ந்தால் மூன்று நான்கு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்; நினைவு நாளை ஒட்டி எல்லாக் காப்பகங்களிலும் இந்தக் கேள்விகள் குவியும்.

ஏல தளங்களில் வரும் ‘அசல்’ டிக்கெட், ‘அசல்’ 1912 நாளிதழ் எதையும் வாங்காதீர்கள். நாளிதழ்களில் பிற்கால மறுபதிப்புகள் ஏராளம்.

சவுத்தாம்ப்டனில் பார்க்க வருகிறவர்கள், கப்பல் புறப்பட்ட 44ஆம் எண் தளத்தைத் தேடி அலைய வேண்டாம். அது இயங்கும் துறைமுகத்துக்குள் இருக்கிறது, வெளியாருக்கு அனுமதி இல்லை. ஆண்ட்ரூஸ் பூங்காவில் பொறியாளர்களின் நினைவுச் சின்னம், அதிலிருந்து சாலையைக் கடந்தால் இசைக்கலைஞர்களின் நினைவுக் கல், ஹோலிரூட் தேவாலய இடிபாட்டில் பணியாளர்களுடையது, பிறகு சீசிட்டி அருங்காட்சியகம். நான்கையும் நடந்தே ஒரு பிற்பகலில் முடிக்கலாம். காசு கேட்பது அருங்காட்சியகம் மட்டும்.

கடைசியாக, படங்கள். கியூவில் நீங்கள் எடுத்த படத்தைப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் ஒட்டுவதில் சிக்கல் இல்லை. பள்ளி ஆண்டு மலரில் அச்சிட வேண்டுமென்றால் காப்பகத்தின் பட உரிமைப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். மகளின் பள்ளி மலரில் இடம் கேட்டபோது எங்களுக்கு இது தெரியாது. பதில் வருவதற்குள் மலர் அச்சுக்குப் போய்விட்டது. படத்துக்குப் பதில், 193ஆம் எண்ணின் கீழிருந்த பொருள்களின் பட்டியலை அவள் கையால் எழுதிக் கொடுத்தாள். அதைத்தான் போட்டார்கள்.